சூசையப்பரின் இடது கை

இயேசு மரி சூசை துணை

சிங்காநல்லூர்,
23-4-2024, செவ்வாய், மாலை 4.40.

பாசமுள்ள அக்கா விமலாராணி அவர்களுக்கு,

தம்பி ஞானமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவில் இங்கே எனக்குச் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு, வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு முட்டிவலி, மகள் ஷைலாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவளால்தான் மற்ற எல்லோருக்கும் எல்லாக் குறையும். மேட்டுப்பாளையத்தில் உங்கள் இரத்தக் கொதிப்பு ஏறாமலும் மச்சானின் பாக்கு வியாபாரம் இறங்காமலும் இருக்க தினமும் ஒரு பத்து மணி ஜெபமாலை சொல்கிறேன். நேற்று மட்டும் சொல்லவில்லை. காரணம் கீழே வருகிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எடுத்தாலே பக்கத்து அறையிலிருந்து ஷைலா, “அத்தைகிட்டயா பேசறீங்க? ஸ்பீக்கர்ல போடுங்கப்பா” என்கிறாள். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், போன வாரம் உங்களுக்கு அனுப்பவேண்டிய என் மூலத் தொந்தரவைப் பற்றிய செய்தியை நம் கோயில் அன்பியக் குழுவில் போட்டுவிட்டேன். நாற்பத்தொரு பேர் கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எழுதின இடத்துக்கு மட்டும் போய்ச் சேருவது தபால் ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

அக்கா, நம் குடும்ப மானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து பங்குப் பேரவைக் கூட்டத்தில் கப்பலேறப் போகிறது. ஏற்றப் போகிறவள் உங்கள் மருமகள். காரணம் அவள் படிப்பு. அவள் பரோடாவில் படிப்பது கலை வரலாறு என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அழகிரிசாமிக்கு இன்னும் தெரியாது. பேரனின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஒரு மயில் வரைந்து தரச் சொல்லி வந்தார். “நான் வரையறவ இல்லீங்க, வரைஞ்சு வெச்சதைப் படிக்கறவ” என்றாள். “அப்ப மயிலை வரைஞ்சு தந்தா படிச்சுப் பாப்பியா கண்ணு?” என்று கேட்டுவிட்டுப் போனார். செதுக்கி வைத்ததையும் வரைந்து வைத்ததையும் யார் செய்தார், எப்போது செய்தார், எதற்காகச் செய்தார் என்று துருவுகிற படிப்பு. துருவட்டும். ஆனால் நம் வீட்டையே துருவும்படி அவளுக்கு வழிகாட்டியவன் நான்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வருஷ ஆய்வுக்கு எங்கோ ஆந்திரப் பக்கம் பாழடைந்த மண்டபத்தைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எதுக்கு கண்ணு வெயில்ல அலையறே? நம்ம கோயில்லயே பிரான்சுல இருந்து வந்த சூசையப்பர் நிக்கறாரு. அவரப் பத்தி எழுது” என்றேன். அதில் என் சுயநலமும் இருந்தது. மே ஒன்றாம் தேதி அந்தச் சுரூபம் வந்து எழுபத்தைந்தாம் வருஷத் திருவிழா. சிறப்பு மலருக்கு நான்தான் பொறுப்பாளர். ‘கடல் கடந்து வந்த காவலர்’ என்று நாலு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன். நம் தாத்தா சவரிராயன் 1949-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுத்த சுரூபம் என்று ஒரு பல்கலைக்கழகமே சொல்லிவிட்டால், பக்கத்துப் பங்குக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ஒரு சுரூபத்தால் நமக்கு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? கோயிலில் முதல் பெஞ்சு நமக்கு. தேர் பவனியில் குடையின் முன்கால் நமக்கு. உங்களைப் பெண் பார்க்க வந்தபோது மச்சான் வீட்டார் உங்களைப் பார்த்தது பத்து நிமிஷம், சூசையப்பரைப் பார்த்தது இருபத்தைந்து நிமிஷம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குடும்பம் திருவிழாவுக்கு முன் சுரூபத்துக்குப் பெயிண்ட் அடித்து நேர்த்தி செலுத்தும் வழக்கத்திலும், இருபத்தைந்தாவது, ஐம்பதாவது, எழுபத்தைந்தாவது வருஷங்கள் கேள்வியே இல்லாமல் நமக்கு. பிப்ரவரியிலேயே நல்ல எனாமல் பெயிண்டாகப் பழுப்பு இரண்டு லிட்டரும் தங்க நிறம் அரை லிட்டரும் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன்.

ஷைலா மார்ச் கடைசியில் வந்து இறங்கினாள். வந்த மறுநாளே கையில் ஒரு நூலை வைத்துக்கொண்டு என் காதை அளந்தாள். எதற்கம்மா என்றால், இத்தாலியில் அந்தக் காலத்தில் ஒருவர் இருந்தாராம். பேர் போடாத படத்தை யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காமல் காதையும் நகத்தையும் பார்ப்பாராம். முகத்தை எல்லோரும் யோசித்து வரைவார்களாம், காதைக் கை தன் பழக்கத்துக்கு வரைந்துவிடுமாம். இதற்காக இரண்டு வருஷம் பரோடாவில் விடுதி, சாப்பாடு. என் காதுக்கு டிப்போவில் வைத்த பட்டப்பேர் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸின் இரண்டு பக்கமும் கண்ணாடி நிற்குமே, அந்தப் பேர்தான். அவள் அளந்துவிட்டு, “சூப்பர் காதுங்கப்பா” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். முப்பது வருஷமாக என் காதை ஒருத்தரும் பாராட்டியதில்லை என்பதால் நானும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஃபாதரிடம் அனுமதி வாங்கி, சுரூபத்தின் முதுகுப் பக்கம், அங்கியின் மடிப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடத்தில் பெயிண்டை ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டினாள். ஜன்னல் திறக்கிறேன் என்று அதற்குப் பேர். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினாலு பூச்சு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், பூசை முடிந்து பங்கே வரிசையில் நின்றுவிட்டது. அவரவர் குடும்பத்துப் பூச்சைத் தேடுகிறார்கள் அக்கா! 1990-களில் ஒரு பச்சை. “இது எங்க கேட்டுக்கு அடிச்ச பச்சையாச்சே” என்று தமிழ்ச்செல்வனே வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டார். கேட்டுக்கு அடித்து மீந்ததைச் சூசையப்பருக்கு அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலே கண்ணைப் பறிக்கிற நீலம் ஒன்று. அது நம் வின்ஸ்டன் குடும்பம். அவருக்கு மோட்டார் பம்பு செய்கிற ஒர்க்‌ஷாப் என்பதால் சூசையப்பருக்கும் பம்புசெட் நீலம். இன்னொரு வருஷத்துப் பூச்சைக் காணவே காணோம். முறை வாங்கிய குடும்பம் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டு, முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறது. அவர்கள் பேரை எழுதமாட்டேன். ஆனால் அந்த வீட்டம்மா இப்போது பின்பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று திங்கள்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு என் சிரிப்பு நின்றது. கோயிலில் ஃபாதர், நான், ஷைலா, வின்ஸ்டன் நாலு பேர்தான். வின்ஸ்டன், “ஏனுங் ஞானமுத்து, எங்க பூச்சுதானுங்க இருக்கறதுலயே கெட்டி. இன்னொருக்கா பாத்துக்கறேன்” என்று பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். பீடம் ஆடியது. சூசையப்பர் முன்னால் சாய்ந்தார். நான் பாய்ந்து அவருடைய இடது கையைப் பிடித்தேன். அவர் நின்றுவிட்டார், கை என்னோடு வந்துவிட்டது. தச்சு மூலைமட்டம் பிடித்த அந்தக் கை தோளிலிருந்து கழன்று என் கையில். நான் அதை வைத்துக்கொண்டு பரிசு வாங்கியவனைப் போல நிற்கிறேன். ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். ஷைலா மட்டும் ஓடி வந்து, கையை அல்ல, கை இருந்த பொந்தை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க உக்காந்துக்கங்க” என்றாள்.

அந்தப் பொந்தில், பெயிண்டே படாத மரத்தில், தச்சர்கள் காதில் செருகுகிற பட்டைப் பென்சிலால், அழகான தமிழில் ‘இடது கை’ என்று எழுதியிருக்கிறது.

பிரான்சில் செய்த சூசையப்பருக்குள் தமிழ்! நான் விட்டுக்கொடுக்கவில்லை. “புதுச்சேரி அவங்ககிட்டதான் இருந்துது கண்ணு. பிரெஞ்சு ஆசாரி ஒருத்தன் தமிழ் கத்திருக்க மாட்டானா?” என்று கேட்டேன். அவள் டார்ச்சை அடித்துக் காட்டினாள். உள்ளே பலகையில் கறுப்பு மையில் இங்கிலீஷ் அச்செழுத்து, ‘மான்செஸ்டர்’ என்று, தலைகீழாக. மில்லுக்கு மெஷின் வந்த மரப்பெட்டிப் பலகையாம் அது. அந்தப் பலகைகளை ஒட்டித்தான் சூசையப்பரைச் செதுக்கியிருக்கிறார்களாம். ஒட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் மில் ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் செய்கிற ஆசாரி வேலையாம். அதாவது இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பவர். “அப்ப கப்பல்ல வந்ததுங்கறது நெஜந்தானே?” என்றேன். “மரம் வந்துச்சுங்கப்பா. சூசையப்பர் இங்கதான் பொறந்தாரு” என்றாள். வின்ஸ்டனின் மீசை மட்டும் பேசியது, எகத்தாளமாகத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சமயம் பார்த்து, நாங்கள் ஏற்கெனவே அழைத்திருந்த விருந்தாளி பதினொன்று ஐந்துக்கு வந்து நின்றார். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர். சுரூபம் அவர் நாட்டுடையது என்பதால் திருவிழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக நான்தான் பிடித்துவைத்தேன். ஃபாதர் அவசரமாக ஒரு ரோஜா மாலையைப் போட்டுக் கையில்லாத தோளை மறைத்தார். அந்த மனிதர் சூசையப்பரைச் சுற்றிச் சுற்றி வந்து, மிகவும் மரியாதையாக, “ரொம்ப அழகு. இது எந்த ஊர்ச் சிலை?” என்று இங்கிலீஷில் கேட்டார். நான் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அப்போது என்னையறியாமல் அவர் காதைப் பார்த்தேன் அக்கா. நம் சூசையப்பருக்குக் காது இரண்டும் வெளியே விடைத்து நிற்கும் அல்லவா? சின்ன வயசில் கேட்டால், “வெள்ளக்காரனுக்கெல்லாம் காது அப்படித்தாஞ் சாமி இருக்கும்” என்று தாத்தா சொல்வார். இந்த வெள்ளைக்காரருக்குக் காது இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து ஷைலாவிடம் கெஞ்சினேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு எழுது, திருவிழா முடியட்டும் என்றேன். “தெரிஞ்ச பின்னால தெரியாத மாதிரி எழுதுனா, அது படிப்பாங்கப்பா?” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேரவையில் அவளே எழுந்து எல்லாவற்றையும் படிக்கப் போகிறாளாம். அதோடு விட்டாளா? இனி சுரூபத்தின் மேல் ஒரு பூச்சுகூட அடிக்கக் கூடாதாம். என் இரண்டரை லிட்டர் பெயிண்ட் கட்டிலுக்கடியில், சூசையப்பரின் இடது கை என் பீரோவில் வேட்டிக்குள். பசை போட்டு ஒட்டக்கூடாது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஸ்டெல்லா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் முழங்காலிட்டுவிட்டுத்தான் சேலை எடுக்கிறாள். அவள் முட்டிவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

நான் யோசித்துப் பார்த்ததில் நடந்தது இதுதான் என்று படுகிறது. நம் தாத்தா கள்ளமில்லாத மனுஷர். பிரான்சிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று எவனோ ஒரு ஆசாரி அவரை நம்பவைத்து, மில் குப்பையில் கிடந்த பெட்டிப் பலகையில் ஒன்றைச் செதுக்கித் தலையில் கட்டிவிட்டான். தாத்தாவும் மில்லில் ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்தானே, மரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என்ன உத்தியோகம் என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் வடகம் போட்டு வைத்திருக்கிற கனத்த மரப்பெட்டி அவர் ஆபீசுக்குக் கொண்டுபோனது என்று மட்டும் அப்பா சொன்ன ஞாபகம். அந்த மோசக்கார ஆசாரி எவனாக இருந்தாலும் நான் விடப்போவதில்லை. அவன் யார், எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, அவன் பேரைச் சிறப்பு மலரில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, அவன் பேரப்பிள்ளைகள் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாமல் செய்யவில்லை என்றால் என் பேர் ஞானமுத்து இல்லை.

ஆகையால் அக்கா, நீங்கள் சனிக்கிழமை காலை ரயிலில் கிளம்பி வரவேண்டும். ஷைலா இந்த உலகத்தில் கேட்பது உங்கள் பேச்சை ஒன்றுதான். பத்தாம் வகுப்பு முடித்து அவள் மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கணக்கு எடுக்கமாட்டேன் என்றபோது நீங்கள் வந்துதான் இறக்கினீர்கள். இதையும் இறக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கட்டுரை வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அறுபது வயசில் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து பின்னால் போய் உட்கார என் காலுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு என் வந்தனம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். திருக்குடும்பம் உங்கள் குடும்பத்தை எந்தக் கலை வரலாறும் அண்டாமல் காத்து வழிநடத்துவதாக.

தங்கள் தம்பி,
ஞானமுத்து.

பின்குறிப்பு: புதன், காலை 9.50. ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன், பின்பக்கம் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும்.

இன்று காலை ஏழேகாலுக்கு ஷைலா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஃபாதரும் வின்ஸ்டனும் முன்னாலேயே நின்றிருந்தார்கள். பீடத்திலிருந்து சூசையப்பரை மெதுவாகப் படுக்கவைத்து, அடிப்பலகையைத் திறந்தார்கள். அதற்கு முன் ஷைலா அவளுடைய நூலை எடுத்துச் சூசையப்பரின் காதில் வைத்தாள், பிறகு என் காதில் வைத்தாள். நூல் ஒரு நெல் மணி அளவுகூட வித்தியாசப்படவில்லை. வந்த மறுநாளே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது அக்கா, அப்பன் தாங்குவானா என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். “கை தன் பழக்கத்துக்குச் செஞ்சிரும்னு சொன்னேனுங்கள்ளப்பா. கண்ணாடியில தெனமும் பாத்த தன் காதையே அந்த ஆசாரி கை செதுக்கியிருக்குது” என்றாள்.

அடிப்பலகையின் உள்பக்கத்தில் அதே பட்டைப் பென்சில். நான் அப்படியே எழுதுகிறேன்: ‘சூசையப்பா, நீயும் ஆசாரி, நானும் ஆசாரி. நம்ம தெரு சவரிராயன் செஞ்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் முட்டி போடமாட்டான். கப்பல்ல வந்ததுன்னு சொல்லிப்போட்டேன். நமக்குள்ள இருக்கட்டும். மில் பேட்டர்ன் கடை, 1949.’

அக்கா, நான் அழுதேன். கோயிலில் சத்தமாக அழுதேன். மீசையை நான் சந்தேகப்பட்டேனே அந்த வின்ஸ்டன், அதைப் படித்து முடித்ததும் தொப்பென்று முட்டி போட்டார். அவர் எடைக்கு அது சுலபமில்லை. எழுந்து, “எங்க ஒர்க்‌ஷாப்புல இப்படிப் பேட்டர்ன் செய்யறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க” என்றார். முதல் பெஞ்சு நமக்கே இருக்கட்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

ஆகவே மேலே ‘அவன்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் ‘அவர்’ என்று படித்துக்கொள்ளவும். ‘மோசக்கார’ என்பதை அடித்துவிடவும். சனிக்கிழமை கண்டிப்பாக வாருங்கள், ஆனால் ஷைலாவின் வாயை மூட அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது முதல் பெஞ்சில் உட்கார. வரும்போது வடகத்தை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியைக் கொண்டுவாருங்கள். உள்ளே அடித்தட்டு ஒன்று இருக்குமாம், உளிகள் அதில்தான் இருக்குமாம், ஷைலா சொல்கிறாள். பெயிண்டுக்குக் கவலை வேண்டாம், நம் கேட்டுக்கு அடித்துக்கொள்கிறேன்.

அந்த ஆசாரியின் பேரை மலரில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவேன் என்று எழுதியிருந்தேன். அதில் மட்டும் மாற்றமில்லை. நமக்குள்ளே இருக்கட்டும் என்று தாத்தா கேட்டுக்கொண்டதைச் சூசையப்பர் எழுபத்தைந்து வருஷம் காப்பாற்றிவிட்டார். என்னால் ஒரு பகல்கூட முடியவில்லை. பத்து நாற்பது பஸ்ஸில் அச்சகத்துக்குப் போகிறேன்.